வெயில் எத்தனை மணிக்கு வரும்? நீலகிரிக்கு வேலை மாறி வருகிறவர்கள் வீடு பார்க்கும் முன்

நொய்டாவில் ஒன்பது வருஷம் கணக்கு எழுதிய பிறகு, ஊட்டி-குன்னூர் சாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. சொந்த ஊர் தூத்துக்குடி. உப்புக்காற்றும் வடக்கத்தி வெயிலும் மட்டுமே தெரிந்த குடும்பம், ஒரு மே மாதம் மலையேறியது. ஒரே நாளில் மூன்று வீடு பார்த்தோம், மூன்றாவதை முடித்தோம். பள்ளத்தின் அடியில் வீடு, பக்கத்தில் ஓடை, முன்னால் கேரட் தோட்டம். அட்வான்ஸ் கொடுத்த கையோடு டீக்கடையில் நின்றபோது கடைக்காரர் விசாரித்தார்.

"வீடு எந்தப் பக்கம் எடுத்திருக்கீங்க?"

சொன்னேன்.

"அங்க வெயில் எத்தனை மணிக்குங்க வரும்?"

வீட்டு வாடகை கேட்பார்கள், தண்ணீர் கேட்பார்கள். வெயில் வரும் நேரத்தை யார் கேட்பார்கள் என்று சிரித்துவிட்டு வந்தேன். டிசம்பரில் பதில் கிடைத்தது. பத்தரைக்கு வரும், மூன்று மணிக்கு எதிர் மலைக்குப் பின்னால் போய்விடும். அந்த வீட்டில் ஒரு குளிர்காலம்தான் தாக்குப்பிடித்தோம். இப்போது புதிதாக வருகிற சக ஊழியர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது பாதி என் வேலையாகிவிட்டது. அவர்களிடம் வாயால் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், வேலை எந்தத் தாலுகாவில்?

நியமன உத்தரவில் 'நீலகிரி மாவட்டம்' என்று ஒரே பெயர்தான் இருக்கும். உள்ளே ஆறு தாலுகா: உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர். ஊட்டி நகரம் சுமார் 2,240 மீட்டர் உயரம், குன்னூர் 1,850 மீட்டர் சுமார், கூடலூர் ஆயிரத்துச் சொச்சம்தான். ஊட்டியில் கம்பளிக்குள் முடங்கியிருக்கும் அதே இரவில் கூடலூரில் ஒரு போர்வை போதும். மழையும் அப்படித்தான், ஆளுக்கொரு பக்கம். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, நடுவட்டம் பக்கமெல்லாம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை வெளுத்துக்கட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவில் இருப்பதால் அவற்றுக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில். ஆகஸ்டில் வந்து பார்த்துவிட்டு 'குன்னூரில் மழையே இல்லை' என்று சொல்லிப் போனவர்கள் உண்டு.

தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடாதீர்கள். ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே ஏறக்குறைய 18 கிலோமீட்டர். சாதாரண நாளில் முக்கால் மணி நேரம். மே மாதச் சனிக்கிழமையென்றால் ஒன்றரை மணி நேரமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். ஊட்டியிலிருந்து கூடலூர் 50 கிலோமீட்டர். தினமும் போய்வருகிறேன் என்று தொடங்கியவர் எனக்குத் தெரிந்து இரண்டாம் மாதமே கூடலூரில் அறை எடுத்துவிட்டார். வேலை இருக்கும் தாலுகாவிலேயே வீடு என்பதைக் கூடுமானவரை மாற்றாதீர்கள். மலை ரயில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும் ஊட்டிக்கு 1908-லும் வந்துவிட்ட ரயில், யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நின்று நின்று போகும் அழகான ரயில். ஆபீஸுக்கு அதை நம்பாதீர்கள். மழைக்காலத்தில் தண்டவாளத்தில் மண் சரிந்தால் நாள்கணக்கில் ஓடாது.

மே மாதத்தில் வீட்டை முடிக்காதீர்கள்

இது ஒன்றைக் கேட்டாலே போதும். ஏப்ரல், மே சீசனில் எல்லா வீடும் அழகு. சுவர் காய்ந்திருக்கும், புது பெயின்ட் மணக்கும், வாடகையும் ஏறியிருக்கும். வேலையில் சேர்வது ஜூனில் என்றால், முதல் இரண்டு மூன்று மாதம் தனியாக வாருங்கள். ஓர் அறையோ மாதவாடகை விடுதியோ எடுத்துக்கொண்டு, குடும்பத்தைப் பிறகு கூப்பிடுங்கள். ஜூலை மழையில் வீடு பார்த்தால், வீட்டுக்காரர் சொல்லாததைச் சுவரே சொல்லிவிடும்.

நிறுவனமே குவார்ட்டர்ஸ் தருகிறதென்றால் பழையதாக இருந்தாலும் முதல் வருஷத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, வெலிங்டன் ராணுவக் கல்லூரி, பெரிய எஸ்டேட்டுகள் போன்ற இடங்களில் அந்த வழி உண்டு. ஒரு வருஷத்தில் ஊரின் மழையும் பனியும் பிடிபட்டுவிடும்; பிறகு வெளியே தேடலாம்.

எந்தப் பக்கம்?

ஊட்டியில் ஆஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ், கல்லூரி, மார்க்கெட் எல்லாம் கைக்கெட்டும் தூரம். விலை, கூட்டம், குளிர் மூன்றும் அதிகம். காந்தல், ரேஸ்கோர்ஸ் போன்ற தாழ்ந்த இடங்களில் ஜனவரிக் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக நிற்கும். தலைகுந்தா பக்கம் கேட்கவே வேண்டாம்.

ஏன் இப்படி என்று, இந்த மலையின் படுகர் சமூகத்துப் பெரியவர் ஒருவர்தான் எனக்குப் புரியவைத்தார். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவில் வழுக்கி இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் உறைபனி முதலில் விழுவது பள்ளத்தில். சரிவின் நடுவில் இருக்கும் வீடு அதைவிடக் கதகதப்பு. தேயிலைக்கு உறைபனி ஆகாது, இலை கருகிவிடும். பள்ளத்தில் கேரட்டும் உருளைக்கிழங்கும், சரிவில் தேயிலையுமாக இருப்பதைப் பார்த்தால் பனி எங்கே படுக்கும் என்று ஓரளவுக்குத் தெரிந்துபோகும். என் முதல் வீட்டு வாசலில் கேரட் தோட்டம் இருந்ததைச் சொன்னேனே!

குன்னூர் எனக்குப் பிடித்த ஊர். குளிர் அளவானது, பெட்போர்டு, வெலிங்டன் பக்கம் நடந்தே எல்லாம் முடித்துவிடலாம். குறை, தண்ணீர். ரேலியா அணையை நம்பியே வளர்ந்த ஊர் அது. கோடையில் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் என்பதுதான் தெருப்பேச்சு. இரண்டு ஊருக்கும் நடுவில் எல்லநள்ளி, கேத்தி, அருவங்காடு என்று பஸ் வசதியுள்ள இடங்கள் இருக்கின்றன. கணவனுக்கு ஊட்டியில் வேலை, மனைவிக்குக் குன்னூரில் என்று இருப்பவர்களுக்கு இந்த நடுப்பாதைதான் தோது. ஊட்டி-கோத்தகிரி சாலையில் கட்டபெட்டும் அப்படியே.

கோத்தகிரி அமைதியான ஊர், சீதோஷ்ணமும் இதம். 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறியபோது முதலில் வீடு கட்டியது கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில்தான். ஊட்டியில் கல் பங்களாவை 1822-ல் தொடங்கியது அதன் பிறகு; அது இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. மலைக்கு வந்து வீடு மாறிய முதல் உத்தியோகஸ்தர் அவர் என்று என் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "அவருக்குச் சாமான் தூக்க ஆள் இருந்துச்சு" என்றாள்.

கூடலூர், பந்தலூர் வேறு உலகம். மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு, குறைந்த குளிர், நிறைய மழை, அட்டைக்கடி, யானை. அங்கே வீடு எடுக்கும்போது, "இது செக்‌ஷன் 17 இடமா?" என்று கட்டாயம் கேளுங்கள். 1969-ஆம் ஆண்டு ஜென்ம (பழைய ஜமீன் மாதிரியான நில உரிமை) ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களில் பட்டா கிடையாது. அப்படிப்பட்ட பல வீடுகளுக்கு மின் இணைப்பே பெரும்பாடு. வாடகைக்கு இருப்பவருக்கு நிலத் தகராறில் பங்கில்லைதான், ஆனால் கரண்ட் இல்லாமல் இருக்க முடியாதே. மசினகுடி பக்கம் சீகூர் யானை வழித்தடம் இருக்கிறது. அங்கே இரவில் வேலை முடிந்து டூ வீலரில் திரும்பலாம் என்ற நினைப்பை மூட்டைகட்டி வைத்துவிடுங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும்

முதலில் வெயில். காலை எட்டு மணிக்கு ஒருமுறை, மாலை நாலு மணிக்கு ஒருமுறை, இரண்டு தடவை போய்ப் பாருங்கள். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும்; ஆகவே தெற்கு பார்த்த சரிவில் வெயில் நிற்கும், வடக்கு பார்த்த சரிவில் நிழல்தான். கிழக்கே திறந்திருந்தால் காலையில் வீடு சீக்கிரம் சூடேறும். வீட்டுக்காரரை விடப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள்: "டிசம்பர்ல துணி எங்கம்மா காயப்போடுவீங்க?" அந்தப் பதிலில் எல்லாமே இருக்கும். கண்ணாடியோ பாலிகார்பனேட் ஷீட்டோ போட்ட தாழ்வாரம் இருக்கும் வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் தகும். மழை மாதங்களில் ஒரு ஜீன்ஸ் காய நாலு நாள் ஆகும்.

அடுத்தது சுவர். அலமாரியைத் திறந்து மூக்கை விடுங்கள். ஓத வாடை அடித்தால், புது பெயின்ட்டுக்குள் பூஞ்சை தூங்குகிறது. மலையை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவர் மண்ணோடு ஒட்டியிருக்கும், அதைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஆஸ்துமா உள்ள குழந்தையோ முதியவரோ வீட்டில் இருந்தால், வேறு எது நன்றாக இருந்தாலும் ஓதமடித்த வீடு வேண்டாம்.

பிறகு வீட்டைவிட்டு வெளியே வந்து மேலேயும் கீழேயும் பாருங்கள். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அபாயமுள்ள இடங்களென்று 283 இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. நீங்கள் பார்க்கும் வீட்டுக்கு மேலே புதிதாக மண் வெட்டியிருக்கிறார்களா? தடுப்புச்சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா? அதில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா, அடைத்துக் கிடக்கின்றனவா? ஓடையை ஒட்டியோ, ஓடையை மூடியோ கட்டியிருக்கிறார்களா? கூரைக்கு மேல் சாயும் கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை மரம் (வாட்டில்) உண்டா? ஒரு கேள்விக்குத் தவறான பதில் வந்தாலும் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பாருங்கள். இதில் பேரம் கிடையாது.

தண்ணீருக்கு ஒரே கேள்வி: ஏப்ரலில் எத்தனை நாளுக்கு ஒருமுறை? பதிலைத் தொட்டியின் அளவோடு பொருத்திப் பாருங்கள்.

படிக்கட்டு. மலையில் பாதி வீடுகளுக்கு வாசல்வரை வண்டி போகாது. எண்பது படி இறங்கினால் வீடு என்றால், கேஸ் சிலிண்டரும் எண்பது படி இறங்க வேண்டும், முழங்கால் வலிக்கிற அம்மாவும் இறங்க வேண்டும். மழையில் அந்தப் படிகளில் பாசி பிடிக்கும்.

விலங்குகளைப் பற்றி விசாரிக்க வெட்கப்படாதீர்கள். குன்னூர், கோத்தகிரியில் கரடியும் காட்டெருமையும் தெருவுக்கு வருவது சாதாரணம். கரடிக்கு எண்ணெய் வாசனை போதும், கதவை உடைத்துவிடும். அதனால் எண்ணெய், பருப்பு, குப்பை எதையும் பின்கட்டில் வைக்கக் கூடாது. காட்டெருமை சாது போல மேயும், ஆனால் கிட்டே போய் செல்ஃபி எடுத்தவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். தெருவிளக்கு எரிகிறதா என்பதை இருட்டிய பிறகு ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ளுங்கள். செல்போன் சிக்னலையும் அடுப்படிக்குள் நின்று பேசிப் பாருங்கள், வாசலில் நின்று அல்ல.

ஒப்பந்தம்

எழுத்தில் வாங்குங்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. இங்கே லீசுக்கு விடும் வழக்கமும் உண்டு. பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது. முதல் வருஷத்தில் அதற்குள் போகாதீர்கள், வீடு பிடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பி வாங்க அலையவேண்டிவரும்.

மலைக்கென்று தனியாக எழுத வேண்டிய வரி ஒன்று இருக்கிறது: சீசனுக்கு வீட்டைக் காலிசெய்யச் சொல்லக் கூடாது. மார்ச் கடைசியில் "மக வர்றாங்க, ரெண்டு மாசம் வேற இடம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, அதே வீட்டைச் சுற்றுலாக்காரர்களுக்கு நாள்வாடகைக்கு விட்ட கதை என் நண்பருக்கே நடந்தது. வந்ததாகச் சொன்ன மகளை யாரும் பார்க்கவில்லை. மழையில் கூரை ஒழுகினால் செலவு யாருடையது என்பதையும் எழுதிவிடுங்கள்.

ஊர்ப்புறத்தில், ஹட்டி எனப்படும் படுகர் கிராமங்களில் வீடு கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம். வீட்டுக்காரரோடு ஊரின் கட்டுப்பாடும் சேர்ந்தே வரும். எங்கே வண்டி நிறுத்தலாம், கோயில் பக்கம் எப்படிப் போக வேண்டும், பண்டிகை நாளில் என்ன செய்யக் கூடாது என்று முதல் நாளே கேட்டுக்கொள்வது மரியாதை. டிசம்பர், ஜனவரியில் ஹெத்தையம்மன் பண்டிகை வரும். வெள்ளை உடுத்தி ஊரே கிளம்பும், அழைத்தால் போய்வாருங்கள்.

சாமான் ஏற்றுவது

வடக்கிலிருந்து பெரிய கன்டெய்னர் லாரியில் அனுப்பினால், பெரும்பாலும் கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ சின்ன வண்டிக்கு மாற்றித்தான் மேலே வரும். அந்த மாற்றுக்கூலி யாருடையது என்று பேக்கர்ஸ் ஆட்களிடம் கிளம்பும் முன்பே எழுதி வாங்குங்கள். படி இறங்கிச் சுமக்கும் கூலி தனி. சீசனில் குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் ஒருவழிப்பாதை போடுவார்கள்; அந்த நாட்களைத் தவிருங்கள்.

எதைக் கொண்டுவரக் கூடாது? ஏசியை நொய்டாவிலேயே விற்றுவிட்டோம், அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. ஆனால் நாலு சீலிங் ஃபேனைச் சுமந்து வந்தோம். வீட்டில் ஒரு ஹூக் கூட இல்லை. மட்டரகப் பிளைவுட் அலமாரி இரண்டே மழைக்காலத்தில் ஊதிவிடும்; இரும்பு பீரோ தேவலாம். கட்டிலையும் சுவரையும் ஒரு சாண் விலக்கிப் போடுங்கள். கம்பளியும் ஸ்வெட்டரும் வந்து வாங்கினாலும் போதும், தாவரவியல் பூங்கா அருகே திபெத்தியர் கடைகளில் கிடைக்கும்.

வேறு மாநில வண்டி வைத்திருப்பவர்கள், பழைய ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையின்மைச் சான்று வாங்காமல் கிளம்பாதீர்கள். ஒரு வருஷத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் மறுபதிவு செய்தாக வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளி வண்டிகள் மலையேற இ-பாஸ் வேண்டும். நீலகிரிப் பதிவான டி.என். 43 வண்டிகளுக்கு வேண்டாம். மறுபதிவு முடியும் வரை, கோவைக்கு இறங்கிவிட்டுத் திரும்பும் போதெல்லாம் பாஸ் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் பிளாஸ்டிக் பையும் மாவட்டத்துக்குள் தடை, சோதனைச் சாவடியிலேயே பிடுங்கிவிடுவார்கள்.

மலைப்பாதை ஓட்டிப் பழகாதவர்கள் முதல் மாதம் பஸ்ஸில் போங்கள். பிறகும் இரண்டு விதி: ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள், இறங்கும்போது எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், மேட்டுப்பாளையம் போகும் வழியில் பர்லியாறு வருவதற்குள் தீய்ந்த வாடை வரும்.

முதல் குளிர்காலம்

ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகவில்லையே என்று கடைக்காரரைத் திட்டாதீர்கள். எல்லாவற்றையும் குக்கரில் போடுங்கள், ஒன்றிரண்டு விசில் கூட விடுங்கள். இட்லி மாவு ஒரு ராத்திரியில் புளிக்காது. என் அம்மா மூன்று நாள் அழாத குறை. பக்கத்து வீட்டு அக்காதான் வழி சொன்னார்: மாவுப் பாத்திரத்தைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீரை மூடி வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.

ஹீட்டர் கணக்கைப் போட்டுவிடுங்கள். 2,000 வாட் ஹீட்டரைத் தினம் நாலு மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாத பில்லில் 480 யூனிட் அதற்கு மட்டும். கீசரும் சேர்ந்தால் 500-ஐத் தாண்டும், அதற்குப் பிறகு கட்டணப் படியே மாறிவிடும். பகலில் ஜன்னலைத் திறந்து வெயிலை உள்ளே விட்டு, நாலு மணிக்கே சாத்தித் திரைபோட்டால் பாதி ஹீட்டர் மிச்சம். கனத்த கம்பளி, சுடுதண்ணீர்ப் பை, காலுறை இவையே மீதிக்குப் போதும்.

எது செய்தாலும் ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கரி அடுப்பையோ தணல் சட்டியையோ அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். புகை அடங்கிவிட்டது போலத் தெரியும்; கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மலையில் குளிருக்கு அப்படிப் படுத்து எழுந்திருக்காதவர்களின் செய்தி அவ்வப்போது வருகிறது. கேஸ் கீசர் என்றால் குளியலறையில் காற்றுப்போக்கி திறந்திருக்க வேண்டும்.

டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை காரை வெளியே நிறுத்துகிறவர்கள், இரவே முன்கண்ணாடி மேல் பழைய கோணிச் சாக்கைப் போர்த்திவிடுங்கள். மறந்துபோய்க் காலையில் கண்ணாடியெல்லாம் பனி உறைந்து கிடந்தால் அவசரத்தில் வெந்நீரை ஊற்றிவிடாதீர்கள், விரிசல் விட்டுவிடும். பழைய பிளாஸ்டிக் அட்டையால் மெதுவாகச் சுரண்டிவிட்டுக் கிளம்புங்கள்.